படக்கதையும் திரைவடிவும்: வழிநூல் நெறி

படக்கதை வீரர் திரையில் தோன்றுங்கால், மூலத்தினின்று மாறியமை தகுமோ என்னும் வினா சுவைஞரிடை எழுகின்றது. சங்கரன்கோவிலுக்கு அணித்தாகிய சிவகாசியினின்று 1972-இல் முத்து காமிக்ஸ் வெளியிட்ட 'இரும்புக்கை மாயாவி' இவ்வினாவிற்கு ஒளி தருகின்றது. அது 1962-இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' இதழில் தோன்றிய கதையின் மொழிபெயர்ப்பு. மூலப்பெயர் 'எஃகு உகிர்' எனப் பொருள்படும். மின்னதிர்ச்சியால் உடல் மறைய, கை மட்டும் தோன்றும் கதைத்தலைவனின் இயல்பைத் தமிழ்ப்பெயரே முற்ற உணர்த்துகின்றது. ஈண்டு மாற்றம் குற்றமன்று.

தொல்காப்பியர் வழிநூலைத் தொகை, விரி, தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காகப் பகுத்தார். நன்னூலாரோ வழிநூலாசிரியன் செய்யும் வேறுபாட்டை உடன்பட்டு, மரபு கெடாமையை வேண்டினார். ஆகவே, மாறிற்றா என்பதன்று வினா. மரபு கெட்டதா என்பதே.

1962-இல் தோன்றிய ஸ்பைடர்மேன் படக்கதையில், மாணவனாகிய தலைவன் வலை எறியும் கருவியைத் தானே ஆக்கினான். 2002-இல் வந்த திரைப்படத்திலோ வலை அவன் உடலினின்றே சுரந்தது. சுவைஞர் பலர் இதனைக் கடிந்தனர். அக்கடிதல் வெறும் பற்றன்று. கருவி அவன் அறிவுக்குச் சான்றாதலின், அஃது ஒழியப் பண்பின் ஒரு கூறும் ஒழிந்தது. எனினும், ஆற்றலுக்கேற்ற பொறுப்பு என்னும் கதையின் உயிர் திரையிலும் நிலைத்தது. ஆதலின், குறையுடைத்தேனும் அதனை வழிநூலின்பாற் படுத்துவோம்.