ஆப்பிள் மலையிறங்கும் பாதை

காஷ்மீரத் தோட்டங்களில் விளையும் ஆப்பிளுக்கு, தில்லி ஆஜாத்பூர் மண்டியே தலையாய சந்தை. அங்கே செல்லும் லாரிகளுக்கு நெடுங்காலமாக முக்கிய வழியாக இருந்து வருவது ஸ்ரீநகர்-ஜம்மு நெடுஞ்சாலையாகும். அச்சாலை அடைபட்டால் நேர்வது என்ன என்பதை உணரப் பழத்தின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

பறித்த பின்னரும் ஆப்பிள் சுவாசிக்கிறது. பிராணவாயுவை ஏற்று, தன்பால் சேமித்த சர்க்கரையைச் செலவிட்டு, கரியமில வாயுவையும் வெப்பத்தையும் வெளியிடுகிறது. உஷ்ணநிலை 10 பாகை உயருமாயின் சுவாசம் இரண்டு மூன்று மடங்காகும். கனியும் பழம் எதிலீன் என்னும் வாயுவையும் வெளிவிடும்; அது அண்டையிலுள்ள பழத்தையும் விரைந்து கனிவிக்கும். வாழைக்காய் ஒன்றைக் கனிந்த ஆப்பிளுடன் பாத்திரத்தில் மூடி வைத்து, மற்றொன்றைத் தனியே வைத்து, ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். தார்ப்பாய் போர்த்த லாரி நடுவழியில் நின்றுவிடின், அதனுள் நிகழ்வதும் இதுவே.

லாரி ஏன் நிற்கிறது? ராம்பன், உதம்பூர் பகுதிகளில் மலைச்சரிவின் பாறைகள் பல இடங்களில் நெகிழ்வானவை. மழைநீர் வெடிப்புகளில் புகுந்து அழுத்துகிறது. சாலைக்காகச் சரிவின் அடிவாரத்தை வெட்டினாலோ, மேலுள்ள மண் தாங்கலை இழக்கிறது.

பொறியாளர் தேடிய விடை சுரங்கம். 1956-இல் பானிஹாலில் ஜவாஹர் சுரங்கம் திறக்கப்பட்டது. 2017-இல் சேனானி-நாஷ்ரி சுரங்கமும், 2021-இல் ஜவாஹர் சுரங்கத்தினும் ஏறக்குறைய 400 மீட்டர் தாழ்வாக அமைந்த 8.5 கிலோமீட்டர் நீளமுள்ள பானிஹால்-காஜிகுண்ட் சுரங்கமும் வந்தன. இவற்றால் பனியின் தொல்லை பெரிதும் குறைந்தது. சுரங்கங்களுக்கு இடையே திறந்து கிடக்கும் சரிவுகளை மழை விட்டுவைக்கவில்லை.

2025 ஆகஸ்டு இறுதியில் பெய்த பெருமழையில் உதம்பூர் அருகே சாலை சிதைந்தது. பழ லாரிகள் ஆயிரக்கணக்கில் நாட்கணக்காகக் காத்துக் கிடந்தன. பேரிக்காயும் ஆப்பிளும் பெட்டியிலேயே அழுகின. செப்டம்பரில் காஷ்மீர மண்டிகள் எதிர்ப்புத் தெரிவித்துக் கதவடைத்தன. பெட்டி, கூலி ஆகியவற்றுக்கு விவசாயி முன்பே செலவிட்டிருப்பான். சாலை திறந்ததும் தேங்கிய சரக்கெல்லாம் ஒருங்கே சந்தையில் குவியுமாதலால், கெடாமல் தப்பிய பழத்துக்கும் விலை சரியும். இவ்விரண்டாம் நட்டம் கண்ணுக்கு எளிதில் புலப்படாதது.

குளிர்பதனக் கிடங்கில் பிராணவாயுவைக் குறைத்து வைத்தால் ஆப்பிள் பல மாதம் கெடாதிருக்கும். ஆயினும் எல்லாச் சிறு விவசாயிக்கும் அது எட்டுவதில்லை. அதே செப்டம்பரில் பட்காமிலிருந்து தில்லிக்குப் பழம் ஏற்றும் ரயில் ஓடத் தொடங்கியது. தோட்டத்திலிருந்து நிலையம் வரை இதற்கும் லாரியே வேண்டும். பெட்டியைக் கூடுதலாக இருமுறை ஏற்றி இறக்கவும் நேரும். அடிபட்ட ஆப்பிளோ மேலும் விரைவாகச் சுவாசிக்கும்.