இனிஷியலும் ஒரு புள்ளியும்

மாஹிம் ரயில் நிலையத்தில் கிழக்குப் பக்கம் இறங்கினால் தாராவி. அந்த வழியாகப் போய் வரும் நம்மவர்களில் பட்டறைத் தொழிலாளியும் உண்டு, ஆபீஸ் குமாஸ்தாவும் உண்டு. இருவருக்கும் பொதுவான தொல்லை, இங்கிலீஷில் பாரம் பூர்த்தி செய்வது.

வார்த்தை தெரியாமல் திண்டாடுகிறவர்கள் குறைவு. புள்ளி, கமா, பெரிய எழுத்து என்ற மூன்றும்தான் பலரையும் தடுமாற வைக்கின்றன. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. கமாவும் ஐரோப்பியரிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டதுதான்.

முதலில் பெயரைப் பார்ப்போம். எஸ். முருகன் என்று ஒருவர். எஸ் என்பது அவர் தந்தை சுப்பையா. ஊரில் இது போதும். மராட்டியர் வழக்கம் வேறு: தன் பெயர், தகப்பனார் பெயர், கடைசியில் குடும்பப் பெயர். மும்பைப் பாரங்களிலும் பெரும்பாலும் இந்த மூன்று கட்டங்களே இருக்கும்.

நமக்குக் குடும்பப் பெயர் இல்லாததற்குக் காரணம் உண்டு. 1929-ல் செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொன்னது. ஆகவே கட்டம் காலியாக இருக்கிறதே என்று சாதியைத் தேடி எழுத வேண்டாம். பலர் தகப்பனார் பெயரையே விரித்து அங்கே எழுதுகிறார்கள்.

ஓரிடத்தில் எஸ். முருகன், இன்னோரிடத்தில் முருகன் எஸ், மூன்றாவது இடத்தில் முருகன் சுப்பையா என்று எழுதினால், கம்ப்யூட்டருக்கு அவர்கள் மூன்று பேர். பி.எப். பணம் வாங்கப் போகும் நாளில்தான் இது தெரியவரும். பாஸ்போர்ட், பான் அட்டை விண்ணப்பங்கள் இனிஷியலை ஏற்பதில்லை. முழுப் பெயர் வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதியில்லை என்று ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 2022 நவம்பரில் அறிவித்தது. வளைகுடா போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெரிய எழுத்து எங்கே? பாரத்தில் ‘ப்ளாக் லெட்டர்ஸ்’ என்றிருந்தால் எல்லாமே பெரிய எழுத்து. கடிதத்தில் வாக்கியத்தின் முதல் எழுத்து, ஆள் பெயர், ஊர், மாதம், கிழமை இவற்றின் முதல் எழுத்து. ‘நான்’ என்று பொருள்படும் ‘ஐ’ எங்கே வந்தாலும் பெரிய எழுத்துத்தான்.

‘மிஸ்டர்’ என்பதைச் சுருக்கி எழுதும்போது புள்ளி வேண்டுமா என்று குமாஸ்தாக்கள் கேட்பதுண்டு. அமெரிக்கர் வைப்பார்கள். பிரிட்டனில் இப்போது பெரும்பாலும் வைப்பதில்லை. இரண்டும் சரியே, ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்கக் கூடாது.

எண்ணில் வரும் கமா இன்னும் முக்கியம். லட்சத்தை நாம் 1,00,000 என்று எழுதுகிறோம். வெளிநாட்டுக் கம்பெனிக்கு 100,000 என்று எழுத வேண்டும். விலாசத்தில் வீடு, தெரு, பேட்டை ஒவ்வொன்றுக்கும் பின் கமா போடலாம். 1972-ல் வந்த பின்கோடை மட்டும் மறக்க வேண்டாம். மாஹிமுக்கு 400016, தாராவிக்கு 400017. வித்தியாசம் ஒரே இலக்கம்.

இலக்கணத்தில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று. ‘ஐந்து வருஷமாக இங்கே வேலை செய்கிறேன்’ என்பதை ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதிவிடுகிறோம். ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்பதே சரி. எத்தனை காலம் என்று சொல்ல ‘ஃபார்’. எப்போதிலிருந்து என்று சொல்ல ‘சின்ஸ்’. 2019 முதல் என்றால் ‘சின்ஸ் 2019’.

பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி உங்கள் முழுப் பெயரையும் தகப்பனார் பெயரையும் இங்கிலீஷில், எழுத்துப் பிசகாமல், ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கும் அப்படியே செய்யுங்கள். எந்தப் பாரம் வந்தாலும் அந்தத் தாளைப் பார்த்தே எழுதுங்கள். வேறொருவர் எழுதிக் கொடுத்தாலும், கையெழுத்துப் போடுமுன் அதனோடு ஒத்துப் பாருங்கள்.