பால்மரத்தின் பக்கத்தில் டுரியான்

சிறு தோட்டக்காரர்கள் சிலர் பால்மர நிரைகளின் ஊடேயும் ஓரங்களிலும் டுரியான், கொக்கோ, பப்பாளி முதலியவற்றை நடுகின்றனர். இரப்பர்க் கன்று வெட்டுக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை நிலத்தை வெறுமே விட மனம் வராதது இயல்பே. ஆயினும் இம்மரங்கள் யாவற்றையும் ஒரே நோய் தாக்கக்கூடும் என்பதை நடுமுன்பே அறிந்திருத்தல் வேண்டும்.

அந்நோயை விளைவிப்பது பைட்டோப்தோரா பால்மிவோரா என்னும் நுண்ணுயிர். காளானைப் போலத் தோன்றினும், இது பாசி இனத்திற்கே நெருங்கிய உறவுடையது. ஆதலால் நீரே இதன் வாகனம். இலையிலும் பட்டையிலும் படிந்த ஈரத்தில் இதன் வித்துகள் நீந்திச் செல்கின்றன; மழைத்துளி தெறிக்கையில் அடுத்த மரத்தை அடைகின்றன. கொக்கோவில் காய் கறுத்து அழுகும். பப்பாளியில் காயும் வேரும் கெடும். டுரியானில் அடிமரப் பட்டை நனைந்தாற்போல் கறுத்து, செம்பழுப்புப் பிசின் கசியும். பினாங்கில் இது 1934ஆம் ஆண்டிலேயே பதிவாகியுள்ளது. பால்மரத்திலோ வெட்டுப் பட்டையில் கருங்கோடுகள் விழும், இலையும் உதிரும். இவ்விலையுதிர்வில் போட்ரியோசா என்னும் அதன் உடன்பிறப்புக்கும் பங்குண்டு.

உதிர்ந்த இலையைக் கையிலெடுத்துக் காம்பைப் பார்த்தல் மிகவும் பயனுடையது. ஆண்டுதோறும் இயற்கையாய் உதிரும் இலை நிறம் மாறியே விழும். இந்நோயால் விழும் இலை, பச்சை மாறாமல் காம்போடு விழும். காம்பில் ஒரு கருந்திட்டும், அதன் நடுவே உறைந்த பாலின் வெண்புள்ளியும் காணப்படும். இளந்தளிர் மட்டும் உதிர்ந்து, காம்பு மரத்திலேயே நிற்குமாயின் அது ஓயிடியம் போன்ற வேறு நோயாகும். ஓயிடியத்திற்குத் தூவும் கந்தகத்தூளை இதற்குத் தூவுவது வீண் செலவே.

மருந்தினும் துப்புரவே முதன்மையானது. அழுகிய கொக்கோக் காய்களை மரத்தில் தொங்கவிடாது பறித்துப் புதைத்திடுக. டுரியானின் தாழ்ந்த கிளைகளைக் கழித்து, மண்ணும் சருகும் அடிமரத்தை ஒட்டாதவாறு விலக்குக. வடிகால் அடைபடாதிருத்தல் வேண்டும். பிசின் கசியும் பட்டையை நல்ல பகுதி தெரியும்வரை சுரண்டி, மெட்டலாக்சில் மருந்தைப் பூசலாம். அடைமழைக் காலத்தில் பட்டை ஈரமாயிருக்கையில் பால் வெட்டலாகாது. ஒருநாள் வருமானம் போகுமே என்னும் கவலை நியாயமானதே; ஆனால் கருங்கோடு விழுந்த பட்டை சீராக மீண்டும் வளர்வதில்லை. வெட்டு வேலை முடிந்ததும் வெட்டின் மேற்புறம் மருந்து பூசுதலும் நன்று.

புதிதாக நடுவோர் டுரியானைத் தனி நிலத்தில் வைத்து, இளம் பால்மரங்களின் ஊடே வாழையோ சோளமோ இடலாம். இவை இந்நோய்க்கு முக்கியப் புகலிடங்கள் அல்ல. ஐயமிருப்பின் காம்போடு கூடிய இலைகள் சிலவற்றைச் செய்தித்தாளில் சுற்றி, அண்மையிலுள்ள விவசாய இலாகா அலுவலகத்தில் காட்டுக. பிளாஸ்டிக் பையில் அடைத்தால் வழியிலேயே அழுகிவிடும்.