பாலைவனத்தில் ஒரு வாரக் குடித்தனம்!

குழாய் கிடையாது. மளிகைக் கடை கிடையாது. ஒதுங்கி நிற்க ஒரு மரம்கூடக் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் சுமார் 70,000 பேர் கூடி ஒரு வாரம் குடித்தனம் நடத்துகிறார்கள் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், பிளாக் ராக் பாலைவனத்தில், ஆகஸ்டுக் கடைசியில் நடக்கும் 'பர்னிங் மேன்' விழாதான் அது.

1986-ல் லாரி ஹார்வியும் ஜெர்ரி ஜேம்ஸும் சான்பிரான்சிஸ்கோ கடற்கரையில் ஒரு மர மனிதனைச் செய்து கொளுத்தினார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. 1990-ல் விழா பாலைவனத்துக்குக் குடிபெயர்ந்தது. 2004-ல் ஹார்வி அதற்குப் பத்துக் கொள்கைகள் எழுதி வைத்தார். உன் தேவையை நீயே பார்த்துக்கொள், கைம்மாறு பாராமல் கொடு, கூடி உழை, வந்த சுவடு தெரியாமல் போ - இவை அவற்றில் சில. உள்ளே ஐஸ் கட்டி தவிர வேறு எதையும் காசு கொடுத்து வாங்க முடியாது!

தண்ணீர்க் கணக்கு

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை காலன், அதாவது ஐந்தரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கொண்டுவர வேண்டும். குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் அதற்குள்தான். பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தரையில் கொட்டவும் கூடாது. டின்னில் பிடித்து வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். பகலில் வெயில் கொளுத்தும், இரவில் குளிர் நடுக்கும். காரத் தன்மையுள்ள அந்த வெள்ளைப் புழுதி பட்டுப் பட்டுப் பாதம் வெடித்துவிடும். இதற்கு அங்கே கைவைத்தியம் என்ன தெரியுமா? தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து காலைக் கழுவி, துடைத்து, கிரீம் தடவி, சாக்ஸ் போட்டுக்கொள்வதுதான்.

எல்லாம் தயாராக இருக்கும் கூடாரம்

பணக்காரர்கள் சிலருக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. விமானத்தில் வந்து இறங்கினால் ஏ.ஸி. வண்டி, மெத்தை, சமையல்காரர் எல்லாம் காத்திருக்கும். இதனால் பல வருஷமாகவே அங்கே புகைச்சல். 2019-ல் ஓர் ஆடம்பர முகாமை 'இனி வர வேண்டாம்' என்றே விழாக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

'காசு இருக்கிறது, செலவழிக்கிறார்கள். இதில் என்ன தப்பு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கைக்குழந்தைக்காரிக்கும் வயதானவர்களுக்கும் வசதி வேண்டாமா? குழந்தைகளோடு வருகிறவர்களுக்கென்றே அங்கே 'கிட்ஸ்வில்' என்று தனிப் பகுதி உண்டு. ஆக, வசதியை யாரும் குற்றம் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தாருக்கு ஒரு வாய் காப்பிகூடக் கொடுக்காமல், தன் குப்பையைத் தானே பொறுக்காமல், விழாவையே ஒரு சினிமாவைப் போல உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவதுதான் மனத்தாங்கல்.

மழை சொன்ன பாடம்

2023 செப்டம்பர் முதல் வாரத்தில் அங்கே மழை கொட்டியது. புழுதி பசை மாதிரி சேறாயிற்று. வண்டிகள் நகரவில்லை, வாசல் மூடப்பட்டது. 'சாப்பாடு, தண்ணீர், எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடுங்கள்' என்று அறிவித்தார்கள். பிரபல நடிகர் கிறிஸ் ராக்கே சேற்றில் சில மைல் நடந்து, யாரோ ஒரு ரசிகரின் வண்டியில் தொற்றிக்கொண்டு வெளியேற வேண்டியிருந்தது! அந்த நாட்களில் கைகொடுத்தது, கூடுதலாகக் கொண்டுவந்த தண்ணீரும், பகிர்ந்து சாப்பிட்ட பக்கத்துக் கூடாரமும்தான்.

விழா முடிந்ததும் தொண்டர்கள் வரிசையாக நடந்து ஆணி, முடி, மினுக்குத் தாள் வரை பொறுக்குகிறார்கள். அரசு சோதனையில் ஏக்கருக்கு ஒரு சதுர அடிக்கு மேல் குப்பை தேறக்கூடாது.

யோசித்துப் பாருங்கள், சகோதரிகளே! தண்ணீரை அளந்து செலவழிப்பது, நாலு நாளைக்கு முன்கூட்டியே திட்டமிடுவது, வந்தவருக்கும் ஒரு கை அரிசி கூடப் போடுவது - அவர்கள் டிக்கெட் வாங்கிப் போய்க் கற்கும் இந்த வித்தை, வீட்டுக்குள் 'வேலை' என்றே கணக்கில் வருவதில்லை. 'கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?' என்பார்கள். அடுத்த முறை வெளியூர் கிளம்பும்போது பையனோ பெண்ணோ, தன் தண்ணீர்ப் புட்டியையும் மாற்றுடுப்பையும் தானே எடுத்து வைக்கட்டும். சாப்பிட்ட இடத்தைத் துடைத்துவிட்டு எழுந்திருக்கட்டும். வீட்டுக்காரரும் கூடத்தான்!