ஒரே புளோக், பல சமையல்: சிங்கப்பூர் அண்டைவீட்டு உறவை எப்படி வளர்க்கிறது?

2011 ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்ற வேறுபாடில்லாமல் பல வீட்டு அடுப்புகளில் அன்று கறி கொதித்தது. ஒரு சட்டி கறி சமைத்துப் பகிர்ந்துகொள்வோம் என்று ஃபேஸ்புக்கில் சிலர் விடுத்த அழைப்புக்கு 50,000க்கும் அதிகமானோர் பெயர் கொடுத்திருந்தார்கள். அது பண்டிகை நாளும் இல்லை. அத்தனைக்கும் காரணம் நாளிதழில் வந்த ஒரு செய்தி.

சீனாவிலிருந்து புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பத்துக்கு, பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்தின் கறி வாசனை ஒத்துக்கொள்ளவில்லை. விவகாரம் சமூக சமரச நிலையத்துக்குப் போனது. அண்டைவீட்டார் வெளியே போயிருக்கும்போது மட்டும் கறி சமைப்பதாக இந்தியக் குடும்பம் ஒப்புக்கொண்டது. பதிலுக்கு அவர்கள் தங்கள் கறியை ஒருமுறையாவது ருசித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. சில ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துபோன வழக்கு இது. ஆனால் அச்சில் வந்ததும் ஊர் கொதித்தது. அந்தத் தீர்வை யாரும் திணிக்கவில்லை, இரு தரப்பும் தாமாகவே ஒப்புக்கொண்டது அது என்று அரசு விளக்க வேண்டியதாயிற்று.

இந்தக் கதையில் வெளியே தெரிந்தது பல்லாயிரம் பேரின் கறி விருந்து. தெரியாமல் நடந்தது, இரண்டு குடும்பங்கள் ஒரு மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து பேசியது. அண்டைவீட்டு நல்லிணக்கத்துக்கு இரண்டும் தேவை என்றாலும், விருந்துக்குக் கூட்டம் சேர்ப்பதைவிட அந்த மேசையைத் தயாராக வைத்திருப்பதுதான் கடினம்.

கலவரத்திலிருந்து பிறந்த நாள்

1964 ஜூலை 21 அன்று நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. 23 பேர் இறந்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் வெடித்து மேலும் 13 உயிர்களைக் கொண்டுபோனது. முதல் கலவரம் ஓய்ந்தவுடனே, எல்லா இனத்துப் பெரியவர்களையும் சேர்த்து வட்டாரந்தோறும் நல்லெண்ணக் குழுக்கள் அமைக்கப்பட்டன. வதந்தியை அடக்குவதும் பயந்துபோன மக்களிடம் பேசுவதும் அவர்கள் வேலை.

அதே ஜூலை 21ஐத்தான் 1997 முதல் சிங்கப்பூர்ப் பள்ளிகள் இன நல்லிணக்க நாளாகக் கடைப்பிடிக்கின்றன. பிள்ளைகள் புடவை, மலாய்க்காரர்களின் பாஜு கூரோங், சீனர்களின் சியோங்சாம் உடுத்தி வருகிறார்கள். ஒருவர் பலகாரத்தை மற்றவர் ருசிக்கிறார்கள். உடையையும் உணவையும் தாண்டி இது போவதில்லை என்ற குறையும் நெடுநாளாக உண்டு.

வீடு கொடுக்கும்போதே கலவை

பிரிட்டிஷ் காலத்தில் சைனாடவுன், கம்போங் கிளாம், சிராங்கூன் சாலை என்று அவரவர் வட்டாரம் தனித்தனியாக இருந்தது. 1960ல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக), கம்பம் எனப்படும் கிராமத்து மக்களை அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றியபோது எல்லோரும் கலந்தார்கள். ஆனால் மறுவிற்பனை பெருகிய 1980களில் பழைய சாயல் திரும்பத் தெரிந்தது. பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரர்களும், ஹவ்காங்கில் சீனர்களும், ஈசூனில் இந்தியர்களும் சேரத் தொடங்கினார்கள்.

தேசிய வளர்ச்சி அமைச்சராக எஸ். தனபாலன் இருந்தபோது, 1989 மார்ச் 1ல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. ஒரு புளோக்கில் எந்த இனத்தார் எத்தனை சதவீதம் வரை இருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு வகுக்கப்பட்டது. சீனருக்கு 87, மலாய்க்காரருக்கு 25, இந்தியருக்கும் மற்றவர்களுக்கும் 13. இந்தக் கடைசி வரம்பு 2010ல் 15 ஆனது. குடியிருப்புப் பேட்டை முழுமைக்கும் தனி வரம்பு உண்டு.

இதற்கு ஒரு விலையும் இருக்கிறது. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் ஒரு தமிழர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் குறைவதால் விலையும் இறங்குகிறது. இந்தப் புகார் பல ஆண்டுகள் தொடர்ந்த பிறகு, தகுதியுள்ள சிலரின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022ல் வந்தது.

கீழ்த்தளத்தின் பங்கு

வரம்பு வைத்தால் பக்கத்துப் பக்கத்தில் குடியிருப்பார்கள். பேசிக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. அதற்கு உதவுவது புளோக்கின் கீழ்த்தளம். தரைமட்டத்தில் வீடுகளே கட்டாமல் திறந்த கூடமாக விட்டிருப்பார்கள். மலாய்த் திருமணமும் சீனர் வீட்டு இறுதிச் சடங்கும் அங்கேதான் நடக்கும். லிஃப்டுக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் நடக்க வேண்டும் என்பதால், அழைப்பில்லாதவர்களுக்கும் மற்றவர் வீட்டு நல்லது கெட்டது தெரிந்துவிடுகிறது.

குடியிருப்பாளர் குழுக்களின் ஒன்றுகூடல்களும் பெரும்பாலும் இங்கேதான். 1978ல் தொடங்கிய இக்குழுக்களும், 1960ல் உருவான மக்கள் கழகத்தின் சமூக மன்றங்களும் நோன்புப் பெருநாள், தீபாவளி, சீனப் புத்தாண்டு, பொங்கல் எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிக் கொண்டாடுகின்றன.

இத்தகைய விருந்துக்கு நுணுக்கமான திட்டம் வேண்டும். ஹலால் உணவு இல்லையென்றால் முஸ்லிம்கள் சாப்பிட முடியாது. மாட்டிறைச்சி இருந்தால் இந்துக்கள் ஒதுங்குவார்கள். சைவம் தனியாக வேண்டும். மூத்தவர்களில் ஆங்கிலம் வராதவர்களுக்கு மாண்டரினிலோ மலாயிலோ தமிழிலோ எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். பந்தியில் உட்கார்ந்து எழுந்து போகிறவர்களைவிட, இந்த ஏற்பாடுகளுக்காக வாரக்கணக்கில் சேர்ந்து உழைக்கும் பத்துப் பதினைந்து பேரிடம்தான் நட்பு ஆழமாகிறது.

அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954லேயே இதற்கு விளக்கம் தந்தார். வெவ்வேறு குழுவினர் சந்தித்தால் மட்டும் முன்முடிவு கரையாது. சந்திப்பவர்கள் சமநிலையில் இருக்க வேண்டும். பொது நோக்கம் வேண்டும். போட்டியில்லாமல் சேர்ந்து உழைக்க வேண்டும். சட்டமோ நிர்வாகமோ அதற்குத் துணை நிற்க வேண்டும். மேடையில் நடனம், கீழே பார்வையாளர்கள் என்று நடக்கும் கலைநிகழ்ச்சியில் இந்த நான்கில் பாதிகூடத் தேறாது.

சண்டை வந்தால்?

அரசியல் அறிஞர் அசுதோஷ் வார்ஷ்ணே, கோழிக்கோட்டையும் அலிகாரையும் போன்ற இந்திய நகரங்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு 2002ல் ஒரு நூல் வெளியிட்டார். இந்துக்களும் முஸ்லிம்களும் தெருவில் பேசிக்கொள்வதும் வீட்டுக்கு வந்துபோவதும் நல்லதுதான். ஆனால் நகரங்களில் பதற்றம் முற்றும்போது தாக்குப்பிடிப்பவை இரு தரப்பாரும் உறுப்பினர்களாக உள்ள சங்கங்களே என்பது அவர் கண்டது. வணிகர் சங்கம், தொழிற்சங்கம், வாசகர் மன்றம் போன்றவற்றில் ஏற்கெனவே ஒன்றாக இருப்பவர்கள்தான் வதந்தி பரவும் இரவில் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் கேட்கிறார்கள்.

சிங்கப்பூரும் அந்த வழியில்தான் போனது. குண்டுவெடிப்புச் சதி தொடர்பாக 2001 இறுதியில் ஜெமா இஸ்லாமியா என்ற தீவிரவாத அமைப்பினர் கைதானபோது, முஸ்லிம்கள் மீது ஐயம் படரலாம் என்ற கவலை எழுந்தது. மறு ஆண்டே ஒவ்வொரு தொகுதியிலும் பள்ளிவாசல், கோயில், தேவாலயப் பொறுப்பாளர்களைச் சேர்த்து இன, சமய நம்பிக்கைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அண்டைவீட்டுச் சச்சரவுகளுக்கோ 1998 முதல் சமூக சமரச நிலையம் இருக்கிறது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்தான் அங்கே சமரசர்கள். தீர்ப்பு வழங்குவது அவர்கள் வேலையில்லை. இரு தரப்பையும் பேசவைத்து, அவர்களே ஓர் உடன்பாட்டுக்கு வரும்வரை கூட இருப்பார்கள்.

யாருக்கு அழைப்பில்லை?

கறி விருந்துக்கு மறுபக்கமும் உண்டு. சிங்கப்பூர்ச் சீனர்களும் மலாய்க்காரர்களும் இந்தியர்களும் ஒரே சட்டியைச் சுற்றிக் கூடினார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றவர்கள் புதிதாக வந்த குடியேறிகள். இனக் கோட்டைத் தாண்டிய ஒற்றுமை, உள்ளூரார் வெளியூரார் என்ற இன்னொரு கோட்டை அழுத்தமாகப் போட்டது. புதியவர்களை இணைப்பதற்கென்றே 2009ல் தேசிய ஒருங்கிணைப்பு மன்றம் அமைக்கப்பட்டிருந்தும் இது நடந்தது.

இன்னும் வெளியே நிற்பவர்கள் தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் போன கட்டுமானத் தொழிலாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் வசிப்பது தனி விடுதிகளில். 2008ல் சிராங்கூன் கார்டன்ஸ் என்ற தனியார் வீட்டுப் பேட்டையில், பழைய பள்ளிக் கட்டடத்தைத் தொழிலாளர் விடுதியாக்கும் யோசனை வந்தது. 1,400க்கும் அதிகமான குடியிருப்பாளர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். அரசு விடுதியைத் திறந்தது. ஆனால் தொழிலாளர்கள் பேட்டைக்குள் புகாமல் போய்வரத் தனிச் சாலையும் போட்டுக்கொடுத்தது. வீவக புளோக்குகளில் எல்லோரும் ஒரே கீழ்த்தளத்தைக் கடந்து போகும்படி கட்டிய அதே நாடு, இங்கே சந்திக்காமல் இருக்கச் செலவு செய்தது.

சென்னையோ கோவையோ, வேறு மாநிலத்தவரும் வேறு மதத்தவரும் பக்கத்து வீட்டுக்குக் குடிவரும் எந்த நகரமும் சிங்கப்பூரின் ஒதுக்கீட்டுக் கொள்கையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் விழாக் குழுவை விழா முடிந்ததும் கலைக்காமல் வைத்திருப்பதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. அடுத்த முறை சமையல் வாசனை பற்றியோ ஒலிபெருக்கி பற்றியோ புகார் எழும்போது, அது காவல் நிலையத்துக்கு முன்னால் அந்தக் குழுவிடம் வருகிறதா என்று பார்த்தால் விழாவின் பலன் தெரிந்துவிடும்.