சாவி கேட்காத கடிகாரம்

ரோலெக்ஸ் கைக்கடிகாரத்தின் முகப்பில் ‘பெர்பெச்சுவல்’ என்று பொடி எழுத்தில் ஒரு சொல் இருக்கும். அகராதியைப் புரட்டினால் ஓயாத, முடிவில்லாத, நிரந்தரமான என்று பொருள் கிடைக்கும். அதே கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் நின்றுபோகும். அப்படியானால் அந்தச் சொல் அங்கே என்ன செய்கிறது?

நிற்காததைச் சொல்ல ஆங்கிலத்தில் சொற்கள் ஏராளம். மூன்று நாள் விடாமல் பெய்யும் அடைமழைக்கு ‘இன்செஸன்ட்’ என்பார்கள். அதில் சலிப்பும் கலந்திருக்கும். ‘ஓயாமல் நச்சரிக்கிறான்’ என்கிறோமே, அந்த ஓயாமல். ‘பெர்பெச்சுவல்’ லத்தீனிலிருந்து வந்தது. இடையில் அறாமல் தொடர்ந்து போவதைக் குறிப்பது. கடிகாரக்காரர்கள் அதை இன்னும் குறுக்கி, சாவி கொடுக்காமலே ஓடுவது என்ற பொருளில் எடுத்துக்கொண்டார்கள்.

இப்படி ஓடும் ஆட்டோமேட்டிக் கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்ததும் கண்ணில் படுவது அரைவட்டமான ஓர் உலோகத் தகடு. ரோட்டர் என்பது இதன் பெயர். நடுவில் ஓர் அச்சு. எடையெல்லாம் வெளி விளிம்பில். கடிகாரத்தை லேசாகச் சாய்த்தாலே தகடு சரிந்து கீழ்ப்பக்கம் வந்துவிடும். நாம் கை வீசி நடக்கும்போதும், தோசை திருப்பும்போதும் அது சுழல்கிறது. அந்தச் சுழற்சி சின்னச் சின்னப் பற்சக்கரங்கள் வழியாகப் போய், உள்ளே சுருண்டிருக்கும் வில்லை முறுக்குகிறது.

நாள் முழுக்க முறுக்கினால் வில் அறுந்துவிடாதா? எனக்கு இந்த இயந்திரத்தில் மிகவும் பிடித்த இடம் இதற்கான விடைதான். சாவி கொடுக்கும் கடிகாரத்தில் வில்லின் வெளிமுனை, அது அடங்கியிருக்கும் உருளையின் சுவரில் கொக்கி போட்டு மாட்டப்பட்டிருக்கும். ஆட்டோமேட்டிக்கில் கொக்கி கிடையாது. வெளிமுனை சுவரை அழுத்திப் பிடித்திருக்கும், அவ்வளவே. முறுக்கு அளவை மீறினால் வழுக்கிக் கொடுத்துவிட்டு மறுபடி பிடித்துக்கொள்ளும்.

உடல் அசைவாலேயே வில்லை முறுக்கும் எண்ணம் பழையது. ஸ்விட்சர்லாந்தின் பெரலே செய்த சட்டைப்பைக் கடிகாரம் கால்மணி நேரம் நடந்தால் எட்டு நாள் ஓடும் என்று 1777-இல் ஜெனீவாவில் ஓர் அறிக்கை பதிவு செய்தது. அடுத்து பாரிஸில் பிரெகே தன்னுடைய இத்தகைய கடிகாரங்களுக்கு ‘பெர்பெச்சுவல்’ என்பதன் பிரெஞ்சு வடிவத்தையே பெயராக வைத்தார். பையில் கிடக்கும் கடிகாரம் அதிகம் அசையாது. ஆகவே இது பரவவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் கடிகாரம் மணிக்கட்டுக்கு ஏறியதும் நிலைமை மாறியது. சாவித்திருகு வழியாகத் தூசியும் ஈரமும் புகுவதைப் பார்த்த இங்கிலாந்துக்காரர் ஜான் ஹார்வுட், ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரத்துக்கு 1924-இல் ஸ்விஸ் காப்புரிமை பெற்றார். அவருடைய கடிகாரத்திலிருந்த எடை முழுச் சுற்று சுற்றாது. இருபுறமும் தடுப்பில் மோதித் திரும்பும். 1931-இல் ரோலெக்ஸ் கொண்டுவந்த ரோட்டர் தடையின்றி முழு வட்டம் சுற்றியது.

சக்தியே கொடுக்காமல் என்றென்றும் ஓடும் இயந்திரம் வேறு விஷயம். அதுவும் ஆங்கிலத்தில் ‘பெர்பெச்சுவல்’தான். இயற்பியல் அதற்கு இடம் தருவதில்லை. அப்படிச் செய்துவிட்டேன் என்று வரும் விண்ணப்பங்களை இனிப் பார்ப்பதில்லை என 1775-இலேயே பாரிஸ் அறிவியல் கழகம் முடிவெடுத்துவிட்டது. கைக்கடிகாரத்துக்குச் சக்தி நம் கையிலிருந்து வருகிறது; கைக்கு, காலையில் சாப்பிட்ட இட்லியிலிருந்து.

இதே சொல்லைச் சூடிய இன்னொரு கடிகாரமும் உண்டு: ‘பெர்பெச்சுவல் காலண்டர்’. முப்பது நாள் மாதம், முப்பத்தொரு நாள் மாதம், லீப் ஆண்டு எல்லாவற்றையும் பற்சக்கரங்களிலேயே கணக்கு வைத்திருப்பது. நான்கு ஆண்டுக்கு ஒரு சுற்று என்பது அதன் கணக்கு. ஆனால் 2100 நான்கால் வகுபட்டாலும் லீப் ஆண்டு அல்ல. அந்த ஆண்டு மார்ச் 1 அன்று இவற்றில் பெரும்பாலானவை பிப்ரவரி 29 என்று காட்டும். யாராவது எடுத்துக் கையால் திருத்த வேண்டும்.