என் பீரியடைக் கடன் வாங்கியவர்கள்

முப்பது வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் நான். பரீட்சை நெருங்கினால் என் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். திருப்பித் தந்ததே இல்லை. அதனாலோ என்னவோ, ஐஸ்லாந்தின் கதையைப் படித்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

1998-இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர், முந்தைய ஒரு மாதத்துக்குள் போதை ஏறக் குடித்ததாகச் சொன்னார்கள். 2016-இல் அது 5 சதவீதம். தினமும் புகைப்பவர்கள் 23-லிருந்து 3 சதவீதமாகக் குறைந்தார்கள்.

போஸ்டர் ஒட்டி இதைச் சாதிக்கவில்லை. பிள்ளைகளின் சாயங்காலத்தைக் கையில் எடுத்தார்கள். கால்பந்து, நீச்சல், இசை, நடனம் என்று எதிலாவது சேர்த்துவிட்டார்கள். தலைநகர் ரெய்க்யவிக்கின் நகராட்சி ஒவ்வொரு பிள்ளைக்கும் அதற்கான கட்டணத்தில் ஒரு பங்கைத் தருகிறது. இல்லாத வீட்டுப் பையன் வேலிக்கு வெளியே நின்று ஏங்க வேண்டாம் பாருங்கள், எனக்குப் பிடித்தது அதுதான்.

13 முதல் 16 வயதுக்காரர்கள் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்குமேல் பெரியவர் துணையின்றி வெளியே சுற்றக் கூடாது என்பது சட்டம். கோடையில் பன்னிரண்டு மணிவரை சலுகை. வார இறுதி இரவுகளில் பெற்றோரே குழுவாகத் தெருவில் ஒரு நடை போய் வருகிறார்கள். பள்ளிதோறும் மாணவர்களிடம் பெயர் கேட்காமல் கணக்கெடுத்து, முடிவை அந்தந்த ஊருக்கே சொல்லிவிடுகிறார்கள்.

உங்கள் பிள்ளையிடம் இன்று ராத்திரி கேளுங்கள், இந்த வாரம் பி.டி. பீரியட் நடந்ததா என்று.